வேலூரிலிருந்து களவா பிடிக்கப் போவது: எல்லோரும் கேட்கும் கேள்விகள்

காட்பாடியில் எலெக்ட்ரிகல் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஐடிஐயில் கூடப் படித்த நண்பனின் அண்ணன் சதுரங்கப்பட்டினத்தில் ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறார். அந்தப் பழக்கத்தில் ஏழெட்டு வருடமாக, வருடத்துக்கு நாலைந்து முறை அவரோடு கடலுக்குப் போய்த் தூண்டிலில் களவா என்ற கடல் மீனைப் பிடித்து வருகிறேன். போய்வந்த மறுநாள் கடைக்கு வருகிறவர்கள், மச்சான்கள், மேல்வீட்டு சார் என்று ஆளாளுக்குக் கேள்வி கேட்பார்கள். சொன்னதையே சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

"வேலூர்ல ஏதுப்பா கடல்? எங்க போய் புடிக்கிற?"

நம் பக்கம் கடல் கிடையாதுதான். 1989-இல் பிரிவதற்கு முன்பிருந்த பெரிய வட ஆற்காடு மாவட்டத்துக்கும் ஒரு அடி கடற்கரை இருந்ததில்லை. ஆனால் நம் பாலாறு போய்ச் சேருகிற கடல் ஒன்று இருக்கிறது. கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் பக்கம்தான் அதன் முகத்துவாரம். அதற்குச் சற்று வடக்கே சதுரங்கப்பட்டினம், டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை இருக்கும் ஊர்.

வாலாஜாபேட்டை, ஓச்சேரி, காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று போனால் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். இரவு பன்னிரண்டரைக்குக் கிளம்பினால் நாலு மணிக்குள் மணலில் நிற்கலாம். இரவு லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டுவதுதான் இந்தப் பயணத்தில் எனக்குப் பயம். கடல் அப்புறம்தான்.

"களவான்னா கணவாய்தானே? அதுக்கு எதுக்கு தூண்டில்?"

இல்லை. கணவாய் எலும்பில்லாத, மை பீய்ச்சுகிற, பத்துக் கை உள்ள பிராணி. களவா செதிலும் முள்ளும் உள்ள மீன். சில ஊரில் களவாய் என்றும் சொல்வதால் இந்தக் குழப்பம். வேடிக்கை என்னவென்றால், களவாவுக்கு நாங்கள் வைக்கும் நல்ல இரையே கணவாய்த் துண்டுதான்.

கொடுவாவும் இது இல்லை. கொடுவா வெள்ளியாக மின்னும், கழிமுகத்திலும் திரியும். களவா பழுப்பிலோ சாம்பலிலோ செம்மண் நிறத்திலோ புள்ளியும் பட்டையுமாக இருக்கும். வாய் உடம்புக்குப் பொருந்தாத பெரிய வாய். இன்னொன்று, களவா கடலுக்கடியில் பாறை இடுக்கில் வாழ்ந்தாலும் 'பாறை' என்ற பெயர் வேறொரு மீனுக்கு. மார்க்கெட்டில் "பாறை மீன் கொடுங்க" என்று கேட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

"துபாய்ல ஹமூர்னு சாப்பிட்டோமே, அதுவா?"

அதேதான். மேல்விஷாரம், ஆம்பூர் பக்கம் வளைகுடா போய் வந்தவர்கள் நிறைய பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள். அங்கே ஹமூர் என்று பேர்போனது ஆரஞ்சுப் புள்ளிக் களவா. நம் கடலிலும் அது உண்டு. களவா என்பது ஒரே மீனின் பெயரில்லை, ஒரு பெரிய குடும்பத்தின் பெயர்.

"காவேரிப்பாக்கம் ஏரியில ஜிலேபியும் விராலும் எடுத்தவன் நான். கடல்ல புதுசா இன்னா இருக்கப் போவுது?"

நானும் இப்படித்தான் நினைத்துப் போனேன். முதல் நாள் மூன்று மீன் மாட்டியது, மூன்றும் போய்விட்டன. ஏரியில் தக்கை மிதக்கும், அது அமுங்கும் வரை பார்த்துக்கொண்டே இருக்கலாம். மீன் மாட்டினாலும் ஓட விட்டு, களைக்க வைத்து இழுக்கலாம். இங்கே தக்கை கிடையாது. ஈயக்குண்டு அடியைத் தொட்டு நிற்கும், விரலில் பிடித்திருக்கும் நரம்பு, அதாவது தூண்டில் கயிறு, சொல்வதுதான் சேதி.

களவாவைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். அது வீட்டை விட்டு நகராத மீன். வஞ்சிரம் மாதிரி கடல் முழுக்கச் சுற்றாது. கடலடியில் பாறை மேடாக இருக்கும் இடத்தைப் 'பார்' என்பார்கள். அதில் ஒரு பொந்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வாசலைத் தாண்டி எது போனாலும் வாயைத் திறந்து ஒரே உறிஞ்சு. மறுபடி பொந்துக்குள். ஆக, அது இரையை எடுத்ததும் முதல் மூன்று விநாடியில் இரண்டு மூன்று பாகம் மேலே தூக்கிவிட வேண்டும். விட்டால் பொந்துக்குள் புகுந்து செவுளையும் துடுப்பையும் விரித்து இறுக்கிக்கொள்ளும். நரம்பு பாறையில் அறுபடும். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், ஏறக்குறைய 6 அடி.

அப்படிப் புகுந்துவிட்டால் இழுத்து மல்லுக்கட்டுவது வீண். நரம்பைத் தளர விட்டு, ஒரு பீடி நேரம் சும்மா இருக்கச் சொல்வார் அண்ணன். ஆபத்து போய்விட்டது என்று நினைத்து மீன் தானாக வெளியே தலை நீட்டும், அப்போது ஒரே தூக்கு. பாதி நேரம் பலிக்கும். எனக்குப் பாதிக்கும் குறைவு.

"எந்த மாசம் போனா நல்லது? சித்திரையில தடைன்னு சொல்றாங்களே?"

பொங்கல் கழிந்து ஏப்ரல் வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வாடைக் காற்றின் வேகம் குறைந்து, தண்ணீரும் தெளியும். ஜூனுக்கு மேல் கச்சான் காற்று. காலையில் சாதுவாக இருக்கும், மதியத்தில் முறுக்கிக்கொள்ளும். அது கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிற காற்று என்பதால் திரும்பி வருவது எதிர்க்காற்றில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம், கேட்கவே வேண்டாம்.

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். இது இழுவை மடி போடும் விசைப்படகுகளுக்கானது. சின்ன நாட்டுப்படகுகள் அப்போதும் போகும். நான் போவதில்லை. விசைப்படகு கட்டிக்கிடக்கும் அந்த இரண்டு மாதம்தான் அண்ணன் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். அப்போது படகில் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார எனக்கு மனசு வராது.

"கிணத்துல குதிச்சு வளர்ந்தவன் நான். லைஃப் ஜாக்கெட் எதுக்கு?"

கிணற்றில் அலை கிடையாது. சதுரங்கப்பட்டினத்தில் துறைமுகமும் கிடையாது. மணலிலிருந்து படகைத் தள்ளி, உடைகிற அலையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். நாள் முழுக்க உள்ள ஆபத்தில் முக்கால்வாசி அந்த ஐந்து நிமிடத்திலும், திரும்பும்போது உள்ள ஐந்து நிமிடத்திலும் இருக்கிறது. படகு குறுக்கே திரும்பினால் கவிழும், கவிழ்ந்தால் படகே உங்கள் தலையில் விழும். நீச்சல் அப்போது உதவாது. ஜாக்கெட்டை மணலிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கு எச்சரிக்கை கொடுத்திருந்தால் பயணம் ரத்து. எச்சரிக்கை இல்லாவிட்டாலும் அண்ணன் அலையைப் பார்த்து "இன்னிக்கு வேணாம்" என்றால் ரத்து. இரண்டு முறை அப்படி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறோம். ஒரு முறை கூட வந்த மச்சான் "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்று இழுத்தார். அவரை அப்புறம் கூட்டிப்போகவில்லை. கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டையும் போனில் ஏற்றி வையுங்கள். ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும், கரையில் போலீஸ் கேட்கலாம்.

"வாந்தி வருமா சார்?"

வரும். படகு ஓடும்போது வராது, நங்கூரம் போட்டு ஒரே இடத்தில் ஆடும்போது வரும். வெறும் வயிற்றில் போகாதீர்கள், பிரியாணி தின்றுவிட்டும் போகாதீர்கள். இரண்டு இட்லி போதும். டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கினால், கடலில் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். தலை சுற்றிய பிறகு போட்டு உபயோகமில்லை. அந்த மாத்திரை தூக்கமும் தரும். வண்டி ஓட்டுகிறவர் போடக்கூடாது.

குனிந்து தூண்டில் முடிச்சுப் போடுவதுதான் பலரைக் கவிழ்க்கிறது. தூண்டில் முள்ளெல்லாம் வீட்டிலேயே கட்டிக்கொண்டு போங்கள். படகில் நிமிர்ந்து கரையையோ அடிவானத்தையோ பாருங்கள்.

"ஒரு நாள் முழுக்க அப்படி என்னதான் பண்ணுவீங்க?"

நாலரைக்குப் படகு இறங்கும். செருப்பை மணலிலேயே விட்டுவிட வேண்டும், படகில் செருப்புக் கால் படுவது அண்ணனுக்குப் பிடிக்காது. 30 அடிப் படகில் நாலு பேர். டீசல் எஞ்சின் சத்தத்தில் யாரும் பேச முடியாது. ஒன்றரை மணி நேரம் ஓடினால் 15 முதல் 20 பாகம் ஆழம். நடுவே எங்காவது விடியும். பின்னால் கல்பாக்கத்து விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கும்.

பாரைக் கண்டுபிடிப்பதுதான் வித்தை. இப்போது ஜிபிஎஸ் இருக்கிறது. அண்ணனின் அப்பா காலத்தில் கரையில் ஒரு கோபுரமும் பனைக்கூட்டமும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும், இன்னொரு பக்கம் மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கும் ஒரு குன்றும் நேராக வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம் பார். அண்ணன் இன்றைக்கும் ஜிபிஎஸ்ஸைப் பார்த்துவிட்டு ஒரு தடவை கரையையும் திரும்பிப் பார்த்துக்கொள்வார். நீரோட்டம் வரும் பக்கமாகத் தள்ளி நங்கூரம் போட்டுக் கயிற்றை விட்டால் படகு பின்னால் நகர்ந்து பாருக்கு நேர் மேலே நிற்கும். நங்கூரம் வளைத்த இரும்புக் கம்பிதான். பாறையில் சிக்கினால் பலமாக இழுக்க, கம்பி நிமிர்ந்து விடுபடும். வளைத்து மறுபடி போடலாம்.

அப்புறம் காத்திருப்பு. சின்ன மீன்கள் 'டக் டக்' என்று தட்டி இரையைத் தின்றுவிடும். களவா தட்டாது, யாரோ நரம்பில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போல ஒரே கனம். நீரோட்டம் நிதானமாக இருக்கும் நேரம் கடிக்கும், வேகம் கூடினால் ஈயம் அடியில் நிற்காமல் பறக்கும், எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்போம். ஒரு பாரில் இரண்டு மூன்று மீன் வந்து நின்றுபோனால் அடுத்த பாருக்கு நகர்வோம். பத்து மணிக்குச் சோறு. பதினொன்றுக்கு மேல் வெயிலில் ஃபைபர் சுடும். ஒரு மணிக்குள் கரை. நல்ல நாளில் எனக்கு நாலைந்து மீன், பல நாள் ஒன்று, சில நாள் கையில் வெட்டுக்காயம் மட்டும்.

"ஆன்லைன்ல ராடு, ரீல் வாங்கிட்டேன். அது போதும்தானே?"

ஏரிக்கு வாங்கிய மெல்லிய ராடு என்றால் வீட்டிலேயே வையுங்கள். மேலே சொன்ன மூன்று விநாடித் தூக்கலில் அது வளைந்து கும்பிடு போடும், மீன் அதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடும். நாங்கள் கையால்தான் பிடிக்கிறோம். தடித்த நைலான் நரம்பு, நம்மூரில் தங்கூசி என்பது. கால் கிலோ ஈயக்குண்டு. அதற்கு ஒரு பாகம் மேலே கிளையாக ஒரு பெரிய முள். விரலுக்குப் பழைய சைக்கிள் டியூப் வெட்டி மாட்டிக்கொள்வோம், இல்லாவிட்டால் நரம்பு சதையை அறுக்கும்.

ஒரு சூட்சுமம் மட்டும் சொல்கிறேன். ஈயத்தை மட்டும் மெல்லிய நரம்பில் கட்டுங்கள். பாறையில் மாட்டுவது பெரும்பாலும் ஈயம்தான். அது அறுந்து போனாலும் முள்ளும் மீனும் மேலே வரும்.

"களவா மட்டும்தான் மாட்டுமா? தொடக்கூடாத மீன் ஏதாச்சும் உண்டா?"

சங்கரா, செப்பிலி, விளமீன் எல்லாம் வரும். சில நாள் அவைதான் மானத்தைக் காப்பாற்றும். தொடக்கூடாதவை: அஞ்சாலை, அதாவது பாறைப் பாம்பு போல இருக்கும் மீன், கடித்தால் விடாது. கடல் கெளுத்தியின் முள் குத்தினால் கை வீங்கும். விசிறியாட்டம் விரிந்த விஷமுள் உள்ளவையும் வரும். பெயர் தெரியாத எதையும் கையால் பிடிக்காமல் அண்ணனிடம் நரம்போடு கொடுத்துவிடுங்கள். பேத்தை பலூன் மாதிரி ஊதும். அதன் விஷம் சமைத்தாலும் போகாது. விளையாட்டுக்குக் கூட வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

களவாவின் வாய்க்குள்ளும் விரல் விடாதீர்கள். பற்கள் சின்னதுதான், ஆனால் உள்நோக்கி வளைந்தவை.

"மேல வந்த மீனு வாயில குடல் தள்ளிக்கிட்டு கெடந்துச்சே, நோய் வந்த மீனா?"

நோய் இல்லை, வெளியே வந்திருப்பது குடலும் இல்லை. மீனுக்குள் காற்றுப்பை ஒன்று உண்டு. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல 4 மடங்கு. நாம் சரசரவென்று தூக்கும்போது அந்தப் பைக்குள் இருக்கும் காற்று 4 மடங்கு உப்பி, இரைப்பையை வாய் வழியே வெளியே தள்ளிவிடுகிறது. கண்ணும் பிதுங்கும். சாப்பிடுவதற்கு ஒரு குறையும் இல்லை.

சின்ன மீனைத் திருப்பி விடும்போதுதான் இது சிக்கல். அப்படியே போட்டால் பலூன் மாதிரி மிதந்து, பருந்துக்கும் வெயிலுக்கும் பலியாகும். வாயில் தள்ளியிருப்பதை ஊசியால் குத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது இரைப்பை, குத்தினால் மீன் செத்துப்போகும். நாங்கள் செய்வது: முனை மழுக்கிய முள்ளைக் கீழுதட்டில் தலைகீழாக மாட்டி, அரைக்கிலோ ஈயத்தோடு அடிக்கு இறக்கி, நரம்பை ஒரு சுண்டு சுண்டினால் முள் கழன்றுவிடும். கீழே போகப் போகக் காற்று தானாகச் சுருங்கும். ஒரு முழத்துக்குக் குறைந்த களவாவை எல்லாம் இப்படி இறக்கிவிடுவது எங்கள் படகு வழக்கம். அண்ணனுக்கு முதலில் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. இப்போது அவரே ஈயம் எடுத்துக் கொடுக்கிறார்.

"பொண்ணா பொறந்து ஆம்பளையா மாறுமாமே, நெசமா, இல்ல நீ உடற கதையா?"

நிஜம். களவாக்களில் பெரும்பாலானவை பெண்ணாகவே முதிர்ந்து, சில வருடம் முட்டையிட்டு, பெரிதான பிறகு ஆணாக மாறும். அதனால் பெரிய மீனாகப் பார்த்துப் பார்த்துத் தூக்கினால் அந்தப் பாரில் ஆணே இல்லாமல் போகும். சின்னதைத் தூக்கினால் முட்டையிடும் முன்பே போய்விடும். இரண்டு பக்கமும் இடி. வீட்டை விட்டு நகராத மீன் என்று முன்பு சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள்: ஒரு பாரைக் காலி செய்தால் பக்கத்துப் பாரிலிருந்து வளர்ந்த மீன் உடனே குடிவராது.

"ஆள் உயரத்துக்கு ஒண்ணு மாட்டினா இன்னா பண்ணுவ?"

நரம்பை அறுத்து விட்டுவிடுவேன். இராட்சதக் களவா என்ற இனம் 2.7 மீட்டர் வரை வளரும். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001 முதல் உள்ள மீன். படம் எடுத்துப் போட்டால் லைக் வருவதற்கு முன் வனத்துறை வரும். அப்படி ஒன்றும் எனக்கு இதுவரை மாட்டியதில்லை. பெரியது என்று நான் தூக்கியது ஏழு கிலோ.

"கல்பாக்கம் கிட்ட புடிச்ச மீனை நம்பித் திங்கலாமா?"

அணுமின் நிலையத்துக்கு நேரே கடலில் படகு போக விடமாட்டார்கள், நாங்கள் பிடிப்பதும் அதைத் தாண்டி வெகுதூரத்தில். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆய்வுக்கூடம் அங்கே கடல்நீரையும் மீனையும் எடுத்துச் சோதித்துக்கொண்டே இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் தினமும் தின்கிறார்கள். நானும் தின்கிறேன், என் பிள்ளைகளும் தின்கிறார்கள்.

"நம்ம வேலூர் வெயில்ல மீன் கெடாம எப்படிக் கொண்டு வர்றே?"

படகிலேயே செவுளையும் குடலையும் எடுத்துவிட வேண்டும். கெடுவது அங்கேதான் தொடங்கும். மீனுக்குச் சம எடை உடைத்த ஐஸ், அடியில் ஒரு அடுக்கு, வயிற்றுக்குள் ஒரு பிடி, மேலே ஒரு அடுக்கு. பெட்டியின் வடிகால் மூடியைத் திறந்து வைத்து, உருகிய தண்ணீரை வெளியேற விடுங்கள். மீன் தண்ணீரில் ஊறினால் சதை வெளுத்துக் கொழகொழவென்று ஆகும். முதல் வருடம் ஐஸைச் சிக்கனம் பிடித்து, ஓச்சேரி தாண்டும்போது வண்டிக்குள் வந்த வாசனை இன்னும் மறக்கவில்லை.

"நீ குடுத்த மீனு துண்டு ரப்பராட்டம் இருந்துச்சேடா, எப்படித்தான் சமைக்கறது?" (சித்தி)

சித்தி, தோலோடு போட்டிருப்பீர்கள். களவாவின் தோல் தடிமன், செதிள் சின்னதாகச் சதைக்குள் பதிந்திருக்கும். சுரண்டி மாளாது, தோலை உரித்துவிடச் சொல்லுங்கள். சதை வெள்ளையாக, முள் குறைவாக, கெட்டியாக இருப்பதால் வறுவலுக்குத் தடிமனாகவும் குழம்புக்கு மெல்லிசாகவும் வெட்ட வேண்டும். புளி கொதித்து அடங்கின பிறகு கடைசியாகப் போட்டு, ஏழெட்டு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். தலையைத் தூக்கிப் போடாதீர்கள், கன்னத்துச் சதைதான் இந்த மீனிலேயே ருசி.

"டீசல், ஐஸ், பெட்ரோல்... அந்தக் காசுக்கு மார்க்கெட்லயே வாங்கிடலாமே?"

வாங்கலாம், மலிவாகவே முடியும். டீசலும் ஐஸும் இரையும் எங்கள் செலவு. பிடித்ததில் முதல் பங்கு படகுக்கு, மிச்சம்தான் எங்களுக்கு. கணக்குப் பார்த்தால் என் வீட்டுக்கு வருகிற களவா வஞ்சிரத்தை விட விலை அதிகம். என் மனைவி கணக்குப் பார்த்துவிட்டாள், அதனால்தான் வருடத்துக்கு நாலைந்து முறை.

"சரி, அந்த பார் எங்க இருக்கு? லொகேஷன் மட்டும் அனுப்பேன்."

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், இதற்கு மட்டும் பதில் இல்லை. காரணம், ஆணாக மாறுவதைப் பற்றி மேலே சொன்ன பதிலில் இருக்கிறது. எனக்கு அது பொழுதுபோக்கு, அண்ணனுக்கு அது அப்பா விட்டுப்போன சொத்து.

ஒரு தடவை அவருக்குத் தெரியாமல் போனில் இடத்தைக் குறித்துக்கொண்டேன். திரும்பி வரும்போது மனசு கேட்காமல் நானே சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. சுக்கானைப் பிடித்தபடியே, "உன் போன்ல ஏறினது உன் மச்சான் போன்ல ஏற எத்தினி நாள் ஆவும்?" என்று கேட்டார். அலை உடையும் இடம் வருவதற்குள் அழித்துவிட்டேன்.